முதலில் அந்தத் தாளைக் கழற்றிவிடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. வேலைக்குப் போகிறேன். கணவர், பன்னிரண்டு வயதில் மகள், எட்டு வயதில் மகன். கடன் தொல்லை இல்லை, வீட்டில் யாருக்கும் பெரிய நோய் இல்லை, சண்டை சச்சரவு இல்லை. ‘உனக்கு என்ன குறை?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நானும் அதையேதான் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சில மாதங்களாக எதற்கெடுத்தாலும் எரிச்சல். போன வாரம் சின்னவன் கை பட்டுத் தண்ணீர் கொட்டி அவனுடைய நோட்டுப் புத்தகமே நனைந்துவிட்டது. நான் கத்திய கத்தலில் அவன் அழக்கூட இல்லை, அப்படியே நின்றான். மறுநாள் நான் சாப்பிட வருவதற்கு முன், மேசை ஓரத்தில் இருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக நடுவில் தள்ளி வைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததிலிருந்து என்னால் எதிலும் ஒட்ட முடியவில்லை.

மனநலம் பற்றி நிறையப் படித்தேன். 11 விஷயங்களைப் பட்டியல் போட்டு அலமாரிக் கதவில் ஒட்டினேன். காலை 5 மணிக்கு எழுவது, தியானம், நடை, தினம் மூன்று நன்றிக் குறிப்பு, இரவு 9க்கு மேல் போன் கிடையாது, இப்படி. ஒன்பது நாள் டிக் அடித்தேன். பத்தாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். அதோடு விட்டுப்போனது. இப்போது அந்தத் தாளைப் பார்த்தாலே ‘இதைக்கூடச் செய்ய முடியவில்லையா’ என்று இருக்கிறது. இரவு 11க்குப் படுத்தாலும் 1 மணி வரை போன்தான். நெருங்கிய தோழி அனுப்பிய குரல் பதிவுகள் நாலைந்து, கேட்காமலே கிடக்கின்றன. சில நேரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாமா என்று தோன்றுகிறது. நான் டாக்டரைப் பார்க்க வேண்டுமா, இல்லை இது வெறும் சோம்பலா? தினமும் என்ன செய்தால் மனம் ஒழுங்காக இருக்கும்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சோம்பல் இல்லை. சோம்பேறி யாரும் பதினோரு அம்சப் பட்டியல் போட்டு, ஒன்பது நாள் டிக்கும் அடித்து, அது விட்டுப்போனதற்காக இவ்வளவு நீளமாகக் கடிதமும் எழுத மாட்டார். அந்தச் சந்தேகத்தை இத்தோடு விட்டுவிடுவோம்.

வேறு எதையும் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும். ‘எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாமா’ என்ற வரியை மூன்று தடவை படித்தேன். உளவியல் ஆலோசகனான என்னிடம் வந்து இப்படிச் சொல்கிற பலருக்கு, இரண்டு நாள் யாரும் கூப்பிடாத ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால் போதும் என்பதுதான் அதற்குப் பொருள். சிலருக்கு, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று பொருள். உங்களுடையது எது என்று கடிதத்தை வைத்து நான் ஊகிக்கக் கூடாது. இரண்டாவதுதான் என்றால், அது எப்போதாவது ஒரு நொடி வந்து போவதாக இருந்தாலும் சரி, கீழே எழுதியிருப்பதை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இன்றே வீட்டில் ஒருவரிடம் அந்தச் சொல்லையே வைத்துச் சொல்லுங்கள்: ‘செத்துவிடலாம் போலிருக்கிறது.’ நாசூக்காகச் சொன்னால் கேட்கிறவரும் நாசூக்காகக் கடந்துவிடுவார். தனியாக இருக்காதீர்கள். உங்கள் ஊரில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போய்விடுங்கள். இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. யாரோ ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற நிம்மதிதான் பெரும்பாலும் வருகிறது.

முதல் பொருள்தான் என்றால் மேலே பேசலாம்.

அலமாரிக் கதவில் இருக்கும் தாளைக் கழற்றிவிடுங்கள். கிழிக்க மனம் வரவில்லை என்றால் மடித்து எங்காவது உள்ளே வையுங்கள். அதில் எழுதியிருப்பதில் தப்பு ஒன்றும் இல்லை, தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல காரியங்கள்தான். ஆனால் ஏற்கெனவே மூச்சு முட்ட வேலை செய்கிற ஒருவருக்கு அந்தப் பதினொன்றும் சேர்ந்தால் அது இன்னொரு வேலை. அதுவும், தினமும் மதிப்பெண் போடுகிற வேலை. வீட்டில் ஒரு மேலதிகாரி, அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி, போதாததற்கு அலமாரிக் கதவில் ஒருவர்.

அப்புறம், ஒன்பது நாளில் விட்டுப்போனதைத் தோல்வி என்கிறீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரிடம், ஆளுக்கு ஒரே ஒரு புதுப் பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அது யோசிக்காமலே தானாக நடக்க எத்தனை நாள் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். 2010இல் வெளிவந்த ஆய்வு அது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணக்கு வந்தது. நடுவில் நின்ற எண் 66. ஒரு பழக்கத்துக்கே இவ்வளவு. நீங்கள் பதினொன்றை ஒரே சமயத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். அதே ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனவர்களுக்கு அதனால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்த நாள் கெடுத்தது ஒன்றுமில்லை. பதினோராம் நாள் காலையில் காலிக் கட்டங்களைப் பார்த்து உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்ட வார்த்தைகள்தான் கெடுத்தன.

சரி, பட்டியல் இல்லாமல் என்ன செய்வது?

யாராவது புதிதாக என்னிடம் வந்தால் ‘தினமும் என்னென்ன செய்கிறீர்கள்?’ என்று நான் கேட்பதில்லை. ‘உங்களிடம் எது முதலில் நழுவும்?’ என்று கேட்பேன். மனம் சோர்வதற்குக் கொஞ்ச நாள் முன்பே ஏதோ ஒரு சின்ன விஷயம் கைவிட்டுப் போகும். ஒருவருக்குச் சவரம். ஒருவருக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. எனக்கு, பிரிக்காத கடிதங்கள். மேசையில் ஐந்தாறு உறைகள் சேர்ந்துவிட்டால், ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று என் வாய் சொன்னாலும் நான் நம்புவதில்லை. அந்த வாரம் ஓரிரு வேலைகளைத் தள்ளிவைத்துவிடுவேன். இது எனக்குப் பிடிபடவே பல வருடம் ஆயிற்று, தொழிலே இதுதான் என்றாலும்.

உங்கள் கடிதத்தில் அது போகிறபோக்கில் ஒரே வரியாக வந்திருக்கிறது: தோழியின் குரல் பதிவுகள். நீங்கள் எழுதியதிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். தோழி பிடிக்காமல் போய்விட்டாரா? இல்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டும், பதில் சொன்னால் ‘எப்படி இருக்கே?’ என்ற கேள்வி வரும், அதற்குப் பதில் இல்லை. அதனால் கேட்பதே இல்லை. நாள் ஆக ஆக, ‘இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு பேசுவது’ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது.

அந்தப் பதிவுகளைக் கேட்டுத்தான் பேச வேண்டும் என்றில்லை. இன்றைக்கு ஒரு வரி அனுப்புங்கள்: ‘நாலைந்து மாதமாக நான் சரியாக இல்லை. நீ அனுப்பியதைக் கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பேசலாமா?’ இவ்வளவு போதும். ‘மனசு வந்தால் பேசலாம்’ என்று காத்திருக்காதீர்கள். சோர்ந்த மனம் தானாக எதற்கும் வராது. கை முதலில் போக வேண்டும், மனசு பின்னால் வரும். மனச்சோர்வுக்கு நாங்கள் கொடுக்கும் சிகிச்சைகளில் ஒன்று கிட்டத்தட்ட இதை மட்டுமே வைத்து உருவானது. பிடித்த ஒரு காரியத்தை, பிடிக்காத மனநிலையிலேயே, சின்ன அளவில், நேரம் குறித்துச் செய்வது. செய்யும்போது சந்தோஷம் வராமல் போகலாம், பரவாயில்லை. முதல் சில தடவை பெரும்பாலும் வராது.

இனி தூக்கம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் எரிச்சலில் எவ்வளவு பங்கு இதற்கு என்று தெரியாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. 1 மணிக்குத் தூங்கி, பட்டியல் காலத்துப் பழக்கப்படி 5 மணிக்கு அலாரம் வைக்கிறீர்கள் என்றால் நான்கு மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு வேண்டும். நான்கு மணி நேரத் தூக்கத்தோடு மாதக்கணக்கில் இருக்கிற யாருக்கும், தண்ணீர் கொட்டினால் தலையில் இடி விழுந்தது போலத்தான் இருக்கும். அதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

‘போனை வெளியே வைத்துவிட்டுப் படுங்கள்’ என்று சொல்வது சுலபம். அதை நீங்களே பட்டியலில் எழுதியும் இருந்தீர்கள், நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று யோசித்தீர்களா? காலையில் எழுந்ததிலிருந்து இரவு 11 வரை உங்களிடம் யாரோ எதையோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 11க்கு மேல்தான் கேட்க ஆள் இல்லை. அந்த இரண்டு மணி நேரம்தான் உங்களுடையது. அதில் நீங்கள் பார்க்கிற வீடியோக்கள் அவ்வளவு சுவாரசியமாகக்கூட இருக்காது, ஆனால் விட மனம் வராது. உங்களிடம் இருக்கிற ஒரே சொந்த நேரத்தை யாருக்குத்தான் விட மனம் வரும்? அதைப் பிடுங்கிவிட்டுத் தூங்கச் சொன்னால் மனம் முரண்டுபிடிக்கத்தான் செய்யும். எனவே போனை எடுத்துவைப்பதற்கு முன், பகலில் அரை மணி நேரத்தை உங்களுக்கென்று ஒதுக்குங்கள். அலுவலகத்திலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, பயனுள்ளது எதுவும் செய்யாத அரை மணி நேரம். அந்த நேரத்தில் துணி மடிக்கக் கூடாது. அது கிடைக்கத் தொடங்கினால் இரவில் போனின் பிடி தானாகவே தளரும். முழுக்க விடாது. 1 மணி 12 ஆனாலே எனக்குத் திருப்தி.

எழும் நேரத்தையும் 5 என்று வைத்துக் கஷ்டப்பட வேண்டாம். உங்களால் தாங்கக்கூடிய ஒரு நேரம், 6 என்றால் 6, ஞாயிறு உட்பட எல்லா நாளும் அதே நேரம். படுக்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்தித் தூக்கத்தை வரவழைக்க முடியாது. எழும் நேரத்தை நிலையாக வைத்தால் தூக்கம் மெல்ல ஓர் ஒழுங்குக்கு வரும். மாலை 5க்கு மேல் காபி குடிக்கிறீர்களா என்று எழுதவில்லை. குடித்த காபியில் பாதியைக் கழிக்கவே உடலுக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும், ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கும்.

படுத்ததும் நாளைய வேலைகள் வரிசையில் வந்து நிற்குமே, அதற்கு ஒரு சின்ன உபாயம். படுக்கும் முன் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிவிடுங்கள். பொத்தாம்பொதுவாக ‘பள்ளி வேலை’ என்று எழுதாமல் ‘மகள் படிவத்தில் கையெழுத்து’ என்று விவரமாக. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 57 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தூங்கவைத்துப் பார்த்தார்கள். அன்று முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம். ஒன்பது நிமிடம்தானா என்று தோன்றலாம். தூக்க மாத்திரை கொடுக்கிற பலனும் பல நேரங்களில் அந்த அளவில்தான் இருக்கும். இதையும் மறுபடி பட்டியலாக்கிக் கதவில் ஒட்டிவிடாதீர்கள், காலையில் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டிய காகிதம் அது.

மகனைப் பற்றி. நீங்கள் கத்தியது சரி என்று நான் சொல்லப் போவதில்லை, ஆறுதலுக்காகக்கூட. ஆனால் அவன் டம்ளர்களை நகர்த்தியதை நீங்கள் கவனித்தீர்கள், அது மனதில் தைத்தது, எழுதினீர்கள். இதைச் சரிசெய்ய முடியும், நேரம் கடந்துவிடவும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு விளக்கம் வேண்டாம். ‘அம்மாவுக்கு வேலை டென்ஷன்டா, அதனாலதான்’ என்று தொடங்கினால், அந்த டென்ஷனையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவன் எடுத்துக்கொள்வான். ஏற்கெனவே டம்ளர்களைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். பக்கத்தில் உட்கார்ந்து, ‘அன்னிக்கு நோட்டு நனைஞ்சதுக்கு அம்மா அவ்வளவு கத்தினது தப்பு. தண்ணி எல்லார் கையிலயும் கொட்டும்’ என்று இரண்டு வாக்கியம். ‘ஆனா நீயும் பார்த்து நடந்துக்கணும்’ என்ற மூன்றாவது வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதை விழுங்கிவிடுங்கள்.

மறுபடியும் கோபம் வரும். வந்தால், சொற்கள் வெளியே வருவதற்கு முன் உடம்பில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். பல்லைக் கடிப்பது, தோள் காதுப் பக்கம் ஏறுவது, உள்ளங்கை சூடாவது. எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கும். அது தெரிந்தால் ‘எனக்கு இப்போ எரிச்சலா வருது’ என்று வாய்விட்டே சொல்லுங்கள், யாரும் பக்கத்தில் இல்லாவிட்டாலும். உணர்ச்சிக்குப் பெயர் வைத்தாலே அதன் வேகம் ஓரளவு குறைகிறது. பிறகு மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டு ஐந்தாறு தடவை. அறையை விட்டு வெளியே போய்ச் செய்தாலும் சரி. அதற்கு மேல் மூச்சுப் பயிற்சி பற்றி இப்போதைக்கு எதுவும் வேண்டாம்.

தியானம் உங்களுக்கு ஒத்துவந்ததா என்று எழுதவில்லை. ஒத்துவராதவர்கள் நிறைய. கண்ணை மூடி உட்கார்ந்தால் பதற்றம் கூடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் நான் வற்புறுத்துவதில்லை. நடை வேறு விஷயம், அதை விடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், கொஞ்சம் நடந்தாலும் நடக்காததைவிட மேல் என்று சொல்வதும் அதே நிறுவனம்தான். தோழியோடு போனில் பேசிக்கொண்டே நடந்தால் இரண்டு காரியம் முடிந்தது.

உங்கள் கணவரைப் பற்றி ‘கணவர்’ என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் எழுதவில்லை. அதை வைத்து நான் கதை கட்டக் கூடாது. ஆனால் பொதுவாக என் அறையில் நான் கேட்பது இது: ‘அவர் நல்லவர்தான், சொன்னால் செய்வார்.’ சொன்னால் செய்வார் என்பதில்தான் சிக்கல். நினைவில் வைத்திருப்பது, கவனிப்பது, சொல்வது, செய்துவிட்டாரா என்று பார்ப்பது நான்கும் உங்களிடம். செய்வது மட்டும் அவரிடம். எனவே உதவி கேட்காதீர்கள். ஒரு வேலையை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். பள்ளி சம்பந்தப்பட்டது எல்லாம் அவருடையது என்றால் படிவம், கட்டணம், ஆசிரியர் சந்திப்பு, எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பது உட்பட அவருடையது. முதல் மாதம் ஏதாவது ஒன்று தவறிப்போகும். தவறட்டும். நீங்கள் குறுக்கே போய்ப் பிடித்துவிட்டால் வேலை திரும்ப உங்களிடமே வந்துவிடும்.

டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்றால், பார்க்கத்தான் சொல்வேன். ஆனால் முதலில் போக வேண்டியது வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடம். தைராய்டு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், வைட்டமின் பி12 பற்றாக்குறை இருந்தாலும் இதே அசதி, இதே எரிச்சல்தான் வரும். 43 வயது என்கிறீர்கள். மாதவிடாய் நிற்பதற்குச் சில வருடங்கள் முன்பே ஹார்மோன்கள் ஏறி இறங்கத் தொடங்கி, தூக்கத்தையும் மனநிலையையும் கலைத்துவிடும். மாதவிடாய் நாட்களில் ஏதாவது மாற்றம் இருந்தால் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இதையெல்லாம் பார்க்காமல் மனசை மட்டும் திட்டிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

அந்தப் பரிசோதனைகளில் எதுவும் இல்லை என்று வந்தால், இரண்டு கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில், முன்பு பிடித்திருந்த காரியங்களில் நாட்டம் இல்லாமல் போன நாட்கள் எத்தனை? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து கிடந்த நாட்கள் எத்தனை? இரண்டில் ஒன்றுக்காவது ‘பாதி நாட்களுக்கு மேல்’ என்று பதில் வந்தால், மனநல மருத்துவரையோ என்னைப் போன்ற உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். (என்னையும் டாக்டர் என்றே பலர் கூப்பிடுகிறார்கள். நான் மாத்திரை எழுதுகிறவன் இல்லை, பேசிச் சிகிச்சை அளிக்கிறவன். மாத்திரை தேவையா என்று முடிவு செய்கிறவர் மனநல மருத்துவர்.) மாத்திரை கொடுத்தால் அதற்கே அடிமையாகிவிடுவோம் என்ற பயம் இருந்தால் அதையும் அவரிடமே கேளுங்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் போதைப்பொருள் போல மேலும் மேலும் கேட்பவை அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நிறுத்தும்போது அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும், திடீரென்று நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான்.

‘எனக்கு ஒரு குறையும் இல்லை’ என்பதை மருத்துவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தூக்கம் நான்கு மணி நேரம், எரிச்சல் சில மாதங்களாக, தோழியிடம் பேசுவதில்லை என்று மூன்றையும் சொல்லுங்கள். நினைவிருக்காது என்று தோன்றினால் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆறு வாரம் கழித்து எழுதுங்கள். எதையெல்லாம் செய்தேன், எதை விட்டேன் என்ற கணக்கு எனக்கு வேண்டாம். தோழியிடம் பேசினீர்களா, இரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது, இந்த இரண்டு மட்டும் போதும்.